மார்க்கை மாத்தணும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, ராயபுரத்தில் தாவூதின் பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்களும் ஒரே வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. ரிசல்ட் பக்கம் பாதி திறக்கும், அப்படியே நிற்கும், பிறகு இங்கிலீஷில் கையை விரித்துவிடும். வாசலில் 'அதிவேக இன்டர்நெட்' என்றிருந்த போர்டைக் காட்டிக் காட்டித் தாவூதைத் திட்டிவிட்டுப் போனார்கள் பெற்றோர்கள்.

மூன்று மணிக்குத்தான் கூட்டம் வடிந்தது. மூலை கேபினில் இரண்டு பேர் மட்டும் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார் நடுரோட்டில் உறைந்து நின்றதற்கு மவுஸ் அடி வாங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். நாற்பது தாண்டிய வயது. எண்ணூர் பக்கம் ஏதோ ஃபேக்டரியின் நீலச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரிசல்ட் பாக்கணுமாண்ணே? உக்காருங்க. சர்வர்தான் ரொம்ப பேஜாரு பண்ணுது."

"பாத்தாச்சு நைனா." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மார்க்கை மாத்தணும்."

தாவூது எழுந்தே விட்டான். "இன்னாண்ணே சொல்றீங்க? கவர்ன்மென்ட் சைட்டு அது. தொறக்கவே முடியல, இதுல மாத்தறதா?"

"நெட்ல வேணாம். பேப்பர்ல மாத்தி ஒரே ஒரு பிரிண்ட் அவுட் குடு, போதும்."

பெயர் பீம்ராவ் என்றார். வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. அங்கேயே தெருவுக்கு ஒரு சென்டர் இருக்கிறதே என்று தாவூது கேட்டான்.

"அங்க கேட்டா ப்ளாக்கு பூரா தெரிஞ்சுடும்" என்றவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "என் பொண்ணு சங்கமித்ரா இங்கிலீஷ்ல பூடுச்சு நைனா. காலைல பத்து மணிக்குக் கதவ சாத்தினது, இன்னும் தொறக்கல. சோறு இல்ல, தண்ணி இல்ல. அவங்கம்மா வெளில உக்காந்து அழுதுகினு கீறா. நானும் தட்டித் தட்டிப் பாத்துட்டேன். பதிலே இல்ல. எனக்கு பயமா கீது."

"அதுக்குன்னு இப்படியா? இது போர்ஜரிண்ணே. மாட்டினா ரெண்டு பேரையும் புழல் ஜெயில்ல போட்டுடுவாங்க. இன்னிக்கு ஏமாத்திடுவீங்க, நாளைக்கு மார்க் ஷீட் வந்தா?"

"போய் வாங்கப் போறது நான்தானே. யார் கண்ணுலயும் படாம ஒளிச்சு வெச்சுக்கறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"மறுபடி பரீட்சை எழுதற வரைக்கும்."

தாவூதுக்கு அந்தச் சாத்திய கதவு மனசைப் பிசைந்தது. அவர் நீட்டிய நம்பர் சீட்டை வாங்கினான். லைன் கொஞ்சம் வேகமாகட்டும் என்று கார் ரேஸ்காரர்களைக் கிளப்பிவிட்டு, பதிவு எண்ணைத் தட்டினான். ஏழாவது தடவை பக்கம் திறந்தது.

தாவூது அதை இரண்டு முறை படித்தான். பிறகு பீம்ராவை ஏறிட்டுப் பார்த்தான்.

"நிஜமாவே மாத்தணுமாண்ணே?"

"மாத்து நைனா. டோட்டல் இடிக்காம பாத்துக்கோ. என் பொண்ணு கணக்குல புலி, கண்டுபிடிச்சிடும்."

தாவூது கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டான். பக்கத்தை அப்படியே வேர்டில் ஒட்டி, இங்கிலீஷ் மார்க்கை அழித்து வேறு போட்டான். டோட்டலையும் சரிசெய்தான். கடைசி வார்த்தையை மாற்றப்போன சமயத்தில், "இன்னா தாவூது, சர்வர் வேலை செய்யுதா?" என்றபடி உள்ளே வந்தார் ஏட்டு சுப்பராயன். முழுக் காக்கியில்.

தாவூது சட்டென்று விண்டோவை மூடினான். சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு, வேண்டாம் என்று அமுக்கித் தொலைத்தான்.

ஏட்டு தன் தங்கை மகனின் நம்பரை நீட்டிவிட்டு பீம்ராவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"உனக்கு இன்னாபா, பையனா பொண்ணா?"

"பொண்ணு சார்."

"பாஸா?"

"ஒரு சப்ஜெக்ட்டு போச்சு சார்."

"அதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது? எதையோ திருடினவன் மாதிரி முழிக்கிற!" ஏட்டு சிரித்தார். பீம்ராவும் சிரிக்க முயன்றார், வரவில்லை.

இருபது நிமிடம் பக்கம் திறக்கவில்லை. "கலீஜ் கனெக்‌ஷன்யா இது" என்று ஏட்டு எழுந்து போனார். தாவூது பிழைப்பில் முதல் முறையாக சர்வருக்கு நன்றி சொன்னான்.

எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பிரிண்டர் முதல் தாளைக் கடித்துக் கசக்கித் துப்பியது. இரண்டாவது சுத்தமாக வந்தது. யார் பார்த்தாலும் அசல் ரிசல்ட் என்றுதான் சொல்வார்கள்.

பீம்ராவ் காசை எடுத்தார். தாவூது அவர் கையை மூடிவிட்டான். "சீக்கிரம் வூட்டுக்குப் போங்கண்ணே."

வியாசர்பாடியில், மூன்றாவது மாடியில், கதவு இன்னும் சாத்தித்தான் இருந்தது. பீம்ராவ் மனைவியிடம்கூட ஒன்றும் சொல்லாமல் குனிந்து, பேப்பரைக் கதவுக்கு அடியில் தள்ளினார்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. பிறகு பேப்பர் சரசரத்தது. தாழ்ப்பாள் விலகியது. அழுது வீங்கிய முகத்தோடு சங்கமித்ரா வெளியே வந்தாள்.

"இன்னாப்பா இது... இங்கிலீஷ்ல நீயும் ஃபெயிலா?"

பத்தாவதோடு படிப்பை விட்டு, இருபத்தைந்து வருடம் கழித்து மகளிடமே பாடம் கேட்டு, மகளோடு சேர்ந்து ப்ளஸ் டூ எழுதி, இங்கிலீஷில் இருநூற்றுக்கு நூற்றுப் பதினோரு மார்க் வாங்கிப் பாஸான பீம்ராவ், தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா கண்ணு, பூட்டேன்" என்றார்.