நெட்டையனை விற்கலாமா?

“அந்த நெட்டையனை வித்தாத்தான் உங்கடை ரீம் உருப்படும், அண்ணை!”

சொல்லிவிட்டு சூசைதாசன் ஒரு பற்றிஸை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருந்தால் அடுத்த பேச்சுக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

எதிர்க் கதிரையில் இருந்த மரியநாயகம் நிமிர்ந்தார். முப்பத்தைந்து வருடமாகக் கனடாவில் இருக்கிற மனிதர். இங்கே வேலை பார்க்கும் மகன் றொகானுக்குப் பெண் கேட்டு ரொறன்ரோவிலிருந்து கடல் கடந்து டூங்கபிக்கு வந்து, அவனையும் கூட்டிக்கொண்டு சூசைதாசன் வீட்டுக்கு வந்திருக்கிறார். மனைவி, மகளின் பிள்ளைப்பேறு என்று அங்கேயே நின்றுவிட்டாள்.

“நெட்டையனை விக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே! அவன் போனால் முதல் லைனிலை ஆர் நிக்கிறது?”

“ரஷ்யாக்காரன் நிக்கட்டும். நெட்டையனைக் குடுத்துப்போட்டு, பின்னுக்கு நிக்க ரெண்டு நல்ல தடியன்களாய்ப் பாத்து மாத்தி எடுங்கோ.”

“ரஷ்யாக்காரனும் அந்தச் சுவீடன் பெடியனும் ஒரு லைனிலை சரிவராது, கண்டியளோ. ரெண்டுபேரும் பந்தை விடமாட்டாங்கள்.”

பந்தா? ஐஸ் ஹாக்கியில் அது ஒரு கறுப்பு வட்டு அல்லவா? சூசைதாசனுக்குக் குழப்பம். முப்பத்தைந்து வருடம் பார்த்தவருக்குத் தெரியாததா, செல்லமாக அப்படித்தான் சொல்வார்களாக்கும் என்று தலையை ஆட்டி வைத்தார்.

அவருக்கு இந்த விளையாட்டில் ஒரு மண்ணும் தெரியாது. மூன்று கிழமைக்கு முன்னர் மகள் கிறிஸ்ரினா வந்து, “அப்பா, றொகான்ரை அப்பாவுக்கு ஐஸ் ஹாக்கி எண்டால் பைத்தியம். அதைப் பற்றிக் கதைச்சியளெண்டால் மனிசன் உருகிப்போடும்” என்றாள். அன்று தொடங்கிய படிப்பு. செவன் ஹில்ஸ் வேலைத்தலத்தில் மத்தியானச் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்தார். மூன்று மூன்று பேராகச் சேர்த்துப் பனியில் இறக்குவதற்குத்தான் லைன் என்று பெயர், ஒருவனைக் கொடுத்து இன்னொருவனை வாங்குவது டிரேட், இவ்வளவும் மண்டையில் ஏறிற்று. விளையாட்டுக்காரரின் பெயர்கள் மட்டும் ஏறவே மாட்டேன் என்றன. அதனால்தான் நெட்டையன், ரஷ்யாக்காரன். நல்ல காலம், மரியநாயகமும் அந்தப் பெயர்களையே பிடித்துக்கொண்டார்.

வேறு வழியும் இல்லை. முன்னர் வந்த இரண்டு சம்பந்தமும் இதே ஹோலில்தான் முறிந்தன. இரண்டையும் முறித்தது உங்கடை வாய்தான் என்று மனைவி அஞ்சலீனா இன்றைக்கும் சொல்லுவாள். கிறிஸ்ரினாவுக்கு முப்பத்திரண்டு நடக்கிறது. “இதுவும் குழம்பிச்சுதெண்டால் எனக்கு இனிக் கலியாணப் பேச்சே வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அப்பனைப் போலப் பிடிவாதம்.

“போன மட்ச்சிலை நாலாவது பீரியட்டிலை நெட்டையன் என்ன செய்தவன் எண்டு பாத்தனீங்கள்தானே?” என்றார் சூசைதாசன்.

சொன்ன பிறகுதான் திக்கென்றது. ஐயோ, மூன்று பீரியட்தானே! தொலைந்தது காரியம்.

“ஓமோம், நாலாவதிலைதானே விளையாட்டே இருக்கு!” என்றார் மரியநாயகம்.

என்ன பெருந்தன்மை! பெண் வீட்டாரின் பிழையைக் காட்டிக்கொடுக்காத இந்த மனிதரைப் போல ஒரு சம்பந்தி கிடைக்க வேண்டுமே என்று சூசைதாசனுக்கு ஆசை பொங்கியது.

ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே? பேச்சு, வலையைக் காக்கிற கோலியிடம் போய் நின்றது. கோலியையும் விற்கலாம் என்று சூசைதாசன் சொல்ல, மரியநாயகம் தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தார்.

“கோலியைத் தொட்டால் எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிப்போட்டன்!”

குசினி வாசலில் அஞ்சலீனாவின் தலை தெரிந்தது. றொகான் மேசையில் இருந்த ரோல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்ரினாவின் முகத்தைப் பார்க்கச் சூசைதாசனுக்குத் துணிவு வரவில்லை. இதுவும் போச்சா? அதுவும் ஊர் பேர் தெரியாத ஒரு கோலியாலா?

“சரி அண்ணை. கோலியும் நிக்கட்டும், நெட்டையனும் நிக்கட்டும். உங்கடை ரீம், நீங்கள் சொல்லுறதுதான் சரி” என்றார்.

மரியநாயகம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

“இப்பிடி விட்டுக்குடுக்கிற மனிசன்ரை வீட்டிலை பெண் எடுக்க யோசிக்கவும் வேணுமே? ஒக்டோபர் முதல் சனிக்கிழமை வைப்பம். பங்குச் சுவாமியிட்டைக் கேட்டு கோயிலைப் பதியுங்கோ, சம்பந்தி!”

கேக் வெட்டினார்கள். கைகொடுத்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். றொகானின் கார் தெருமுனையில் திரும்பியதும் சூசைதாசன் கதவைச் சாத்திவிட்டு அப்படியே கதிரையில் விழுந்தார்.

“அப்பாடா! மாதாவே, காப்பாத்திப்போட்டாய்! பிள்ளை, எனக்கு ஒரு கோதாரியும் தெரியாதெண்டு அந்தாள் கடைசி மட்டும் கண்டுபிடிக்கேல்லை, பாத்தியே?”

“அவருக்குத் தெரிஞ்சால்தானே அப்பா கண்டுபிடிக்கிறதுக்கு?” கிறிஸ்ரினா சிரித்தாள். “அவர் ஒரு மட்ச்சும் பாத்ததில்லை. நீங்கள் ஹாக்கிப் பைத்தியம் எண்டு சொல்லி, றொகான்தான் மூண்டு கிழமையாய் அவருக்குப் பாடம் எடுத்தவர்.”

“என்னது! ஏன் பிள்ளை இந்தக் கூத்து?”

“வேறை கதை இல்லாட்டி நீங்கள் ரெண்டுபேரும் ‘ஊரிலை எவடம்?’ எண்டு தொடங்குவியள். பிறகு எந்தத் தெரு, ஆரின்ரை ஆக்கள் எண்டு தோண்டி, சாதியிலை கொண்டுபோய் முடிப்பியள். முதல் வந்த ரெண்டும் அப்பிடித்தானே முறிஞ்சது.”

சூசைதாசன் தட்டில் மிஞ்சிக் கிடந்த பற்றிஸை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார். மூன்று மணித்தியாலம் தொண்டை கிழியக் கதைத்து, நாளும் குறித்துக் கட்டிப்பிடித்து அனுப்பிய சம்பந்திக்கு ஊரில் எவடம் என்று அவருக்குத் தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது என்று நினைத்தபோது, கோபம் வருவதற்குப் பதிலாகப் பெரிய நிம்மதிதான் வந்தது.