என் குரலில் ஒருத்தி

நான் நைட் ஷிஃப்ட் போகிறவள். மகள் நறுமுகை வயதுக்கு வந்தபோது, என் குரலிலேயே பேசும் ஏஐ துணையை அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். "அவ சொல்றதை யார்கிட்டயும் சொல்லாதே" என்று அதற்குக் கட்டளையும் கொடுத்தேன். என் ரகசியங்களையெல்லாம் சொந்தக்காரர்களிடம் ஒப்பித்தவள் என் அம்மா, அந்தக் கோபம்.

இப்போது நறுமுகைக்குப் பதினாறு. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, அழுகை மட்டும்தான். லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னடி ஆச்சு?"

"அதான் அம்மாகிட்ட சொல்லிட்டேனே" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் தூங்கியதும் போனிடம் கெஞ்சினேன். "நான்தான் அவளைப் பெத்தவ. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"மாட்டேங்க. பிள்ளை என்னை நம்பிச் சொல்லியிருக்கா" என்றது என் குரல்.