அடிபடாத காளான்

பேருந்து நிறுத்தத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு காளான் வாழ்ந்தது. விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணியின் ஓட்டை வழியாக நுழைந்து, பெரிய கிளையின் உட்புறத்தை முழுவதும் தின்றிருந்தது. பட்டையும் இலையும் நன்றாகவே இருந்ததால் மரத்துக்கு இது தெரியாது.

ஒருநாள் அணில் ஒன்று வந்தது. “அண்ணே, குட்டி போடணும். இந்தக் கிளை தாங்குமா?”

“யானையையே தாங்கும். தாராளமா கூடு கட்டும்மா” என்றது மரம்.

காளான் பேச வாயெடுத்தது. சொன்னால், தின்றது யார் என்று கேட்பார்களே! பேசாமல் இருந்துவிட்டது.

ஐப்பசி மழையில் கிளை முறிந்தது. அணிலால் ஒரு குட்டியைத்தான் கவ்விக்கொண்டு ஓட முடிந்தது. மற்ற இரண்டும் நசுங்கிப்போயின.

“வயசாயிடுச்சும்மா, என் தப்புதான்” என்று மரம் அழுதது. பிறகு, முறிந்த இடத்தில் ஒட்டியிருந்த காளானைப் பார்த்துக் கேட்டது: “உனக்கு ஒண்ணும் அடிபடலையே, தம்பி?”