பட்டன் வைக்கிற மாப்பிள்ளை

பூவரசனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் அவனுக்கு வந்த வரன்கள் எல்லாம் ஒரே கேள்வியில்தான் கலைந்திருந்தன. உறையூரில் புடவை வியாபாரம் செய்யும் பெண்ணின் அப்பா மருதை, அதையே கேட்டார்.

“மாப்ள என்ன வேலை பாக்குறீங்க?”

“பட்டன் டிசைன் பண்றேங்க.”

“ரெண்டு ஓட்டையா, நாலு ஓட்டையா?”

“சட்டைப் பட்டன் இல்லைங்க. போன்ல பிரவுசரைத் திறந்தா, மேல முகவரி அடிக்கிற பட்டை இருக்குல்ல, அதுல வர்றது. பாக்குற பக்கத்துக்குத் தக்கன மாறும். சமையல் குறிப்புன்னா ஸ்கிரீன் அணையாம பாத்துக்கும். படிக்கிற விஷயம்னா சத்தமா வாசிச்சுக் காட்டும்.”

“ஜனங்களுக்குப் புடிச்சிருக்கா?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் பூவரசன் உண்மையை உளறினான். “ஒருத்தர் மட்டும் ஒத்த ஸ்டார் போட்டு, ‘இந்தப் பட்டனை வெச்சவன் என் கையில கெடைக்கட்டும்’னு எழுதியிருந்தாருங்க.”

மருதை மகள் பக்கம் திரும்பினார். “ஜோதி, வேணாம்னா இப்பவே சொல்லிரும்மா.”

“எனக்குச் சம்மதம்ப்பா.”

“நல்லா யோசிச்சியா?”

“போன வாரமே யோசிச்சுட்டேன். ஆபீஸ்ல ஒளிஞ்சு ஒளிஞ்சு இவரு வரன் விவரத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். மேனேஜர் வர்றாரேன்னு மூடப் போனா, அதே எடத்துல இவரு பட்டன் மொளச்சு, வெரல் அதுல பட்டு, உயரம், நிறம், நட்சத்திரம் எல்லாத்தையும் ஆபீசுக்கே வாசிச்சுருச்சு.”

பூவரசன் காப்பி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான்.

“அந்த ஒத்த ஸ்டார் நான் போட்டதுதான்ப்பா. தானா வந்து கையில கெடச்சிருக்காரு, விட்டுருவேனா?” என்றாள் ஜோதி.