ஏழாவது அர்த்தம்

“இந்த ஏழாவது அர்த்தம் எங்கேர்ந்து வந்துச்சும்மா?”

பதிப்பாசிரியர் தாளிலிருந்து தலை நிமிராமல்தான் கேட்டார். அவள் எதிரே நின்றிருந்தாள்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழிலும் ஸ்பானிஷிலும் பொருள் சொல்லும் அகராதி ஒன்று அந்தப் பதிப்பகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. ‘ரன்’ என்ற குட்டிச் சொல் அவள் பங்குக்கு வந்திருந்தது. மனிதர் ஓடினால் கொர்ரேர், இயந்திரம் ஓடினால் ஃபுன்சியோனார், ஆறு ஓடினால் ஃப்ளுயிர், கடையை நடத்தினால் ஒன்று, மூக்கு ஒழுகினால் இன்னொன்று, தேர்தலில் நின்றால் வேறொன்று என்று ஆறு அர்த்தங்களை அவளே அலைந்து தேடி எழுதினாள். ஏழாவதை மட்டும் வேறொரு பதிப்பகத்தின் தடித்த அகராதியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள். கரை கண்ணில் பட்டதும் கப்பலில் இருப்பவர்களுக்கு வரும் தவிப்புக்கும் ‘ரன்’ என்றுதான் பெயராம். ஸ்பானிஷில் ‘வெலாந்த்ரா’. அந்த அழகில் மனம் வழுக்கிவிட்டது.

இங்கே ஒரே சட்டம்தான். அடுத்தவர் அகராதியைப் பார்த்து எழுதினால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். போன மாதம் அவளுடைய பக்கத்து நாற்காலி அப்படித்தான் காலியானது. அவளோ இன்னும் வேலையில் நிரந்தரமாகவில்லை.

“கேள்விப்பட்டதுதான் சார்.”

“யார்கிட்ட?”

“என் சித்தப்பாகிட்ட. கப்பல்ல வேலை பார்த்தாரு.”

அவளுக்குச் சித்தப்பாவே கிடையாது.

“ஓ.” அவர் பேனாவை மூடி வைத்தார். “அவசரமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லு. எங்கயாவது படிச்சதா இருக்கப் போகுது.”

கண்டுபிடித்துவிட்டாரா, ஆழம் பார்க்கிறாரா?

“இல்ல சார், நானே காதால கேட்டேன்.”

“மறந்துகூடப் போயிருக்கலாம். ஞாபகமில்லன்னு சொல்லு, அந்த வரியை மட்டும் அடிச்சுடலாம்.”

அடிக்கச் சம்மதித்தால் மாட்டிக்கொண்டதாகிவிடும். வாய் தானாக ஓடியது.

“சத்தியமா சார்! ஸ்பெயின் மாலுமிங்க அத்தனை பேரும் அப்படித்தான் சொல்வாங்களாம். சித்தப்பா தூக்கத்துல கூட வெலாந்த்ரா, வெலாந்த்ரான்னு பொலம்புவாரு. சித்திதான் பாவம், தலையில அடிச்சுக்குவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

“ரெண்டு தடவை வழி விட்டேன், நீதான் போகல. திருடறவங்களைப் பிடிக்கறதுக்குன்னு அகராதிக்குள்ள ஒரு பொய் அர்த்தத்தை ஒளிச்சு வைக்கிறது எங்க தொழில்ல வழக்கம்மா. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால அந்தத் தடி அகராதியில வேலை பார்த்தப்போ, வெலாந்த்ராங்கிற சொல்லை இட்டுக்கட்டிப் போட்டதே நான்தான்.”