ஊதக் கூடாது

மறுபடியும் அந்தச் சத்தம். ஃபூ... ஃபூ... ஃபூ. மூன்று முறை. எப்போதும் மூன்று முறைதான்.

ரமணி மைக்ராஸ்கோப்பிலிருந்து சட்டென்று தலையை நிமிர்த்தினாள். சத்தம் நின்றுவிட்டது. பரிசோதனை மேசையில் அவளைத் தவிர யாருமில்லை. பிளாஸ்டிக் திரைக்கு அந்தப் பக்கம், ஓவனின் வாயருகே, மலர்விழி மட்டும் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் அந்த மின்னணுத் தொழிற்சாலையில் எள்ளைவிடச் சிறிய பாகங்களை இயந்திரமே போர்டில் அடுக்கிவிடும். ஓவனுக்குள் ஈயம் உருகி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். சுடச்சுட வெளியே வரும் போர்டுகளைக் காற்றாடி முன்னால் ஆறவைத்து ரமணியிடம் கொண்டுவருவது மலர்விழியின் வேலை.

ஓவனுக்கு மேலே மூன்று மொழிகளில் எழுதியிருந்தது: வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்துத்தான் அந்த இடம் அரித்து வெள்ளையாகப் பூக்கும். அதோடு போர்டு செத்துவிடும்.

அப்படிப் பூத்த பன்னிரண்டு போர்டுகள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்திருந்தன. பன்னிரண்டிலும், குறையில்லை என்று ரமணி தன் கையால் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர். அவள் பார்த்தபோது ஒரு கறைகூட இல்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"அக்கா, சைன் பண்ணிட்டீங்களா? மூணு மணிக்கு எச்.ஆர். கேப்பாங்க." சூப்பர்வைசர் சுகுமாறன் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினான்.

"அந்தப் புள்ள ஊதுனத யாருமே பாக்கல சுகு."

"ஓவன் வாய்ல நிக்கிறது அவதான். பின்ன யாரு, ஓவனே ஊதுமா? போர்டு என்ன பர்த்டே கேக்கா லா, ஆளாளுக்கு ஊத?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுப் போனான்.

மேசையில் கிடந்த புகார்ப் படிவத்தில் மலர்விழியின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. ரமணியின் கையெழுத்து விழுந்தால் நாளையிலிருந்து அவளுக்கு வேலையில்லை. பத்து மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சாலாக் செலாத்தானிலிருந்து ரயில் மாறி வருகிறவள்.

ஆனால் ரமணியின் பேனா தயங்கியது அதற்காக மட்டுமல்ல. ஊதுவது மலர்விழிதான் என்றால், இத்தனை நாளும் கேட்டது வெறும் மலர்விழியின் மூச்சு. வேறு யாருடையதும் இல்லை. அதைத்தான் ரமணியால் தாங்க முடியவில்லை.

குகனுக்குக் கஞ்சி எப்போதும் சுடும். அம்மாவும் பிள்ளையும் கன்னம் ஒட்டி உட்கார்ந்து, ஒன்றாக மூன்று முறை ஊத வேண்டும். அது அவன் போட்ட சட்டம். "மூணும்மா, ரெண்டு பத்தாது" என்று விரலைக் காட்டுவான். ஆறு வயதில் அவன் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவனுடைய அறையில், கட்டிலில், எங்கேயும் இல்லை. இங்கே மட்டும், கதகதப்பான போர்டுகளுக்குப் பக்கத்தில், அவன் வந்து ஊதினான். அதற்காகவே அவள் ஒரு நாள்கூட லீவு போடுவதில்லை.

திரை விலகியது. மலர்விழி தட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஆறிடுச்சா?"

"இன்னும் இல்லக்கா. சுகு அண்ணன் விரட்டுறாரு. சூடாத்தான் இருக்கு."

"மலரு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீ ஊதுறியா?"

"சத்தியமா இல்லக்கா." அவள் கண் படிவத்தில் இருந்த தன் பெயரில் போய் நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "பரவால்ல, போட்டுடுங்க. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

தப்புச் செய்யாதவள் எதற்காக இப்படிச் சொல்ல வேண்டும்? ரமணிக்கு விளங்கவில்லை. படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு போர்டை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. வழக்கம்போல் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தாள். போர்டின் சூடு முகத்தில் ஏறியது, ஒரு கிண்ணத்திலிருந்து ஏறுவதுபோல.

ஃபூ... ஃபூ... ஃபூ.

ரமணி நிமிர்ந்தாள். மலர்விழி எதிரில்தான் நின்றாள். அவளுடைய முகக்கவசம் மூக்குவரை இழுத்துவிட்டபடியே இருந்தது. அப்படியென்றால் இவள் இல்லை! ரமணியின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேசைக்கு அந்தப் பக்கம் எட்டி மலர்விழியின் கையைப் பிடித்தாள்.

"கேட்டுச்சா? உனக்கும் கேட்டுச்சா மலரு?"

"கேட்டுச்சுக்கா. லைன்ல இருக்கற பொம்பளைங்க எல்லாருக்குமே கேக்கும். தெனமும்."

"அப்ப நான் பைத்தியம் இல்ல..." ரமணி அழுதுகொண்டே சிரித்தாள். "யாருன்னு தெரியுதா? சொல்லு, யாருன்னு தெரியுதா?"

மலர்விழியின் கண்கள் நிறைந்துவிட்டன. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். ரமணியின் தாடைக்குக் கீழே தொங்கிய முகக்கவசத்தை, குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல, அவள் மூக்குவரை ஏற்றிவிட்டாள்.

"நீங்கதான்க்கா."