புதுப் பெயர்

புருஷன் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் செண்பகவல்லி ஊரை மாற்றினாள், வேலையை மாற்றினாள், கடைசியில் பெயரையும் மாற்றினாள். அரசிதழில் வந்தால்தான் புதுப் பெயர் செல்லும் என்றார்கள். வந்தது. இணையத்தில், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற பக்கத்தில் வந்தது: செண்பகவல்லி, கணவர் பெயர் துரைக்கண்ணு, இனி அருள்மொழி என்று அழைக்கப்படுவார். கீழே கதவு எண் முதற்கொண்டு விலாசம். அலுவலகத்துக்கு ஓடினாள். "சார், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்." எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "பழைய பேரும் புதுப் பேரும் நாலு பேருக்குத் தெரியணும்னுதானம்மா போடறதே. வேணும்னா திருத்தம் போடலாம். ஆனா அதுலயும் இந்தப் பேரு, இந்த விலாசம்னு போட்டுத்தான் திருத்தணும்." அவள் அழுத அழுகையில் அவருக்கே மனசு கேட்கவில்லை. மேசையிலிருந்த அச்சுப் பிரதியை எடுத்து, கறுப்பு மார்க்கரால் அவளுடைய வரியை அழுத்தி அழுத்தி அடித்தார். மை தாளின் மறுபக்கம் வரை இறங்கியது. "என்னால ஆனது இதுதாம்மா." அவள் கையிலிருந்த போனில் அந்த வரி அப்படியே வெளிச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உள்தாழ்ப்பாள் போட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் மாடி வீட்டு அக்காதான். புதுப் பெயரை இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அருள்மொழி" என்று யாரோ நிதானமாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவளை ஒருவர் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.